மிளகாய் மிசினும் என் குடலும்: கொக்குவிலில் ஒரு மா மில்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிரதான வீதியிலிருந்து ஓர் ஒழுங்கைக்குள் இறங்கினால், தகரக் கூரை போட்ட சின்ன மில் ஒன்று இருக்கிறது. பெயரை எழுத மாட்டேன். மில்காரருக்கு விருப்பமில்லை. “பிறகு எல்லாரும் முதல் அரைவை கேட்டு வந்து நிண்டால் நான் என்ன செய்யிறது, ரீச்சர்?” என்கிறார். நியாயம்தான்.

எனக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கும். சத்தை உறிஞ்சுகிற விரல் போன்ற நுண்முளைகள் மழுங்கிப்போகும். எனக்கு வயிற்றோட்டத்தை விட இரத்தச்சோகைதான் பெரிதாகத் தெரிந்தது. ஹீமோகுளோபின் 8.1. இரும்புக் குளிசை விழுங்கியும் ஏறவில்லை. படிக்கட்டு ஏறி வகுப்புக்குப் போவதற்குள் மூச்சு வாங்கும். கடைசியில் இரத்தப் பரிசோதனை செய்து, பிறகு குழாய் விட்டுச் சிறுகுடலில் துணுக்கெடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். இதைக் குணமாக்கும் குளிசை இல்லை. வாழ்நாள் முழுக்க குளூட்டன் இல்லாத சாப்பாடு, அதுதான் வைத்தியம்.

“சோறும் இடியப்பமும் சாப்பிடுற ஊரில இதென்ன பெரிய வருத்தம்?” என்று மச்சாள் கேட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாணையும் றோல்ஸையும் கொத்துரொட்டியையும் விட்டால் முடிந்தது என்று. அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. அரிசி மாப் பிட்டு என்று வாங்கினால் பாதி அவித்த கோதுமை மா. இடியப்பம் உடையாமல் வர அதிலும் ஒரு சுண்டு. வடை மொறுமொறுக்க ஒரு பிடி. கடையில் விற்கும் பெருங்காயத்தூளில்கூட பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். கனடாவிலிருந்து தங்கை அனுப்பிய குளூட்டன் இல்லாத பாண் வந்து சேர்வதற்குள் செங்கல்லாகிவிட்டது. தேத்தண்ணியில் தோய்த்தாலும் ஊறவில்லை.

சரி, வீட்டில் நானே செய்வோம் என்று சிவப்புப் பச்சையரிசி ஊறவைத்து, வடித்து, வீட்டுக்குக் கிட்ட இருந்த வேறொரு மில்லில் அரைப்பித்தேன். ஆறு மாதம் ஒரு துண்டு பாண் தொடவில்லை. வயிறு ஊதல் போகவில்லை, இந்த நோயால் இரத்தத்தில் கூடியிருந்த எதிர்ப்புடலும் குறையவில்லை. “எங்கேயோ களவாகச் சாப்பிடுகிறீர்கள்” என்கிற மாதிரி டொக்டர் பார்த்தார். ஒருநாள் மில்லில் வரிசையில் நின்றபோதுதான் கண்ணில் பட்டது. எனக்கு முன்னால் நின்ற பிள்ளை சத்துமாவுக்குக் கொண்டுவந்த பையில் பயறு, உழுந்து, சோயா, அதோடு கோதுமை. அது அரைத்து முடிந்ததும் அதே வாயில் என் அரிசியைக் கொட்டினார்கள்.

குளூட்டன் இல்லை என்று ஒரு உணவைச் சொல்வதற்கு சர்வதேச உணவுத் தரம் வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 20 மில்லிகிராம். மிசினின் மூலையில் ஒட்டியிருக்கும் மா அதைத் தாண்டாது என்று யார் சொல்வது?

அங்கே சொல்லிப் பார்த்தேன், சிரித்தார்கள். இன்னும் இரண்டு மில் ஏறி இறங்கினேன். கொக்குவில் அண்ணையும் முதலில், “ஒரு துளி பட்டால் என்ன ரீச்சர், நீங்கள் பாண் சாப்பிடாமல் விட்டால் காணும்தானே?” என்றுதான் சொன்னார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. “மிளகாய் அரைச்ச மிசினில உடன அரிசியைப் போட்டால் மா என்ன மாதிரி வரும் அண்ணை?” என்று கேட்டேன்.

“உறைக்கும்.”

கொஞ்சம் யோசித்தார். “அப்ப உங்கட குடலுக்குக் கோதுமை உறைக்குது.” அவ்வளவுதான். என் மூன்று பக்க ரிப்போர்ட் சொல்லாததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

இப்போது செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் அரைவை எனக்கு. இரவு முழுக்கத் தூசி அடங்கியிருக்கும். மூடியைக் கழற்றி, தட்டுகளைப் பிரஷால் தட்டித் துடைக்கிறார். மா விழும் வாயில் கட்டுகிற சீலைப் பை எனக்கென்று தனியாகத் தைத்தது, அதை நான் வீட்டில்தான் வைத்திருக்கிறேன். அதன் பிறகும் என் அரிசியில் ஒரு கிலோவை முதலில் ஓட்டி, வரும் மாவை அவருடைய கோழிகளுக்குக் கொடுத்துவிடுவோம். கோழிகள் என்னைக் கண்டால் ஓடிவரும். குரக்கனும் இப்படித்தான் அரைப்பிக்கிறேன்.

குறையும் இருக்கிறது. மற்ற மில்லை விடக் கிலோவுக்கு 20 ரூபா கூட. கோழிக்குப் போகும் கிலோவையும் சேர்த்தால் கை கடிக்கும். கரண்ட் போனால் அன்றைய அரைவை இல்லை. அவருடைய மனைவி மா வறுத்தும் தருவார். ஆனால் அந்தத் தாச்சியில்தான் சத்துமாக் கோதுமையும் வறுபடுகிறது, அதனால் பச்சை மாவாகவே வாங்கி வந்து வீட்டில் வறுக்க வேண்டும். போதாததற்கு மாவைக் கொஞ்சம் பரும்படியாக அரைக்கிறார். பிட்டுக்கு நல்லது. இடியப்பத்துக்கு இரண்டு தரம் அரிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு வருடத்தில் எதிர்ப்புடல் சாதாரண அளவுக்கு வந்துவிட்டது. ஹீமோகுளோபின் 12.3. இந்த ஆடிப்பிறப்புக்கு கூழும் கொழுக்கட்டையும் நானே செய்து, மச்சாள் வீட்டுக்கும் ஒரு சட்டி கொடுத்துவிட்டேன். கோதுமை கலக்காத கொழுக்கட்டை விரியும் என்றாள். விரியவில்லை. கொதிநீரில் நன்றாகக் குழைத்தால் விரியாது.

இதே வருத்தம் உள்ளவர்கள் உங்கள் ஊர் மில்காரரிடம் மிளகாய்க் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஆடிப்பிறப்புக்கு முந்திய வாரம் மட்டும் போகாதீர்கள், ஊரே அங்கேதான் நிற்கும். அரிதட்டையும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். நான் ஒருதரம் மறந்துபோய், மில்லில் இருந்ததை இரவல் வாங்கினேன். அடுத்த நாள் லீவு போட வேண்டி வந்தது.