அத்தை வீடா, லாட்ஜ் அறையா, அடுக்குக் கட்டிலா?

ஒரே வேலைக்காகக் கடந்த ஓராண்டில் நான்கு தடவை சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போய்வந்துவிட்டேன். தென்காசிப் பக்கம் அப்பா விட்டுப்போன முக்கால் ஏக்கருக்குப் பட்டா மாறுதல். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு காகிதம் குறைகிறது. முதலில் வாரிசுச் சான்று, பிறகு வில்லங்கச் சான்று, பிறகு முதலில் கொடுத்த சான்றின் இன்னொரு நகல். பாளையங்கோட்டை வீட்டை விற்று ஒன்பது வருடம் ஆகிறது. ஆகவே பிறந்த ஊரில் ராத்தங்க இடம் தேடுகிறேன்.

நான்கு பயணத்திலும் நான்கு விதமான இடங்களில் தங்கினேன்: ஜங்ஷன் லாட்ஜ், ரயில் நிலைய ஓய்வறை, குற்றாலத்தில் ஒரு ஹாஸ்டலின் அடுக்குக் கட்டில், பாளையங்கோட்டையில் அத்தை வீடு. குற்றாலமும் தென்காசியும் 2019 நவம்பரிலிருந்து தனி மாவட்டம் என்பது தெரியும். ஆனாலும் எங்களுக்கு அது நெல்லைச் சீமைதான். சாரல் மாவட்டம் பார்த்தா விழுகிறது?

'ஹாஸ்டல்' என்ற சொல்லையே கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் ஹாஸ்டல் என்றால் வார்டன், மணி அடித்தால் சாம்பார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெற்றோர் பார்க்கலாம். குற்றாலத்தில் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன் என்று போனில் சொன்னபோது அத்தை, “இந்த வயதில் என்ன படிக்கிறாய்?” என்று கேட்டாள். நான் சொல்லும் ஹாஸ்டல் வேறு. ஒரு அறையில் ஆறு எட்டுக் கட்டில்கள், மேலும் கீழுமாக. அறையை அல்ல, கட்டிலை வாடகைக்கு எடுக்கிறோம். குளியலறை பொது, சமையலறை பொது, கூடமும் பொது. ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மானிய ஆசிரியர் 1909இல் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது இடிமழையில் மாட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தார். அந்த இரவில் தோன்றிய யோசனை, சில ஆண்டுகளில் ஆல்டெனா கோட்டையில் முதல் இளைஞர் விடுதியாக வளர்ந்தது. ராணி மங்கம்மாள் காலத்திலேயே சாலையோரம் சாவடியும் சத்திரமும் கண்ட ஊருக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லைதான். ஒரு வித்தியாசம் உண்டு. திருச்செந்தூரில் இன்றைக்கும் பல மடங்கள் சமுதாயத்தின் பெயரில்தான் இருக்கின்றன; ஊர்ப் பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி எதைப்பற்றி என்பது உங்களுக்கே தெரியும். ஹாஸ்டலில் அடையாள அட்டை கேட்கிறார்கள், அதோடு சரி.

லாட்ஜிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் அதிகம் நொந்தேன். முதல் லாட்ஜில், தனியாக வரும் பெண்களுக்கு அறை தருவதில்லை என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டார்கள். இரண்டாவது லாட்ஜில் மேலாளர் மரியாதையானவர். என் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். அதில் இன்னும் பழைய பாளையங்கோட்டை முகவரிதான் இருக்கிறது. பட்டா வேலை முடியும்வரை மாற்ற வேண்டாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு விட்டுவைத்திருக்கிறேன்.

“பாளையங்கோட்டைதானே மேடம், இங்கிருந்து ஆற்றைத் தாண்டினால் வந்துவிடுமே. அறை எதற்கு?”

ஆற்றைத் தாண்டினால் எனக்கு வீடு இல்லை என்பதை அவருக்கு விளக்கக் கால் மணி நேரம் ஆனது. அவர்மேல் கோபமில்லை. உள்ளூர் முகவரியோடு ஒற்றை ஆள் வந்து அறை கேட்டால் லாட்ஜ்காரர்கள் நினைப்பது இரண்டே விஷயங்கள்: ஒன்று வீட்டில் சண்டை, இன்னொன்று அதைவிட மோசம். மறுநாள் காலையில் கதவு திறக்காவிட்டால் போலீஸுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். தனி ஆண்களுக்கும் இதே கதைதான். “கூட யாரும் வருகிறார்களா?” என்ற கேள்விக்கு ஆம் என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் தப்பு.

ஆனால் கதவைத் தாழிட்ட பிறகு லாட்ஜுக்கு ஈடு கிடையாது. கட்டில் முழுவதும் பத்திரங்களைப் பரப்பி, வருடவாரியாக அடுக்கி, மூலப் பத்திரத்தின் பக்கங்களை இரண்டு முறை எண்ணினேன். யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. விடியற்காலையில் குறுக்குத்துறைக்கு நடந்துபோய் ஆற்றில் காலை நனைத்துவிட்டு வந்தேன். மாலையில் டவுனுக்குப் போனால் நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடை வரிசை. வாழையிலைத் துண்டில் சூடாக வைத்துக் கொடுக்கும் அல்வாவைத் தனியாக நின்று தின்பதில் ஒரு சுகம் இருக்கிறது. பங்கு கேட்க ஆளில்லை.

வாடகை 900 ரூபாய், வரி தனி. 2022 ஜூலை 18க்கு முன்பு 1000 ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு ஜி.எஸ்.டி. இல்லை. பிறகு 12 சதவீதம் போட்டார்கள், 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம். ரசீது கேட்டால் வரியும் வரும், கேட்காவிட்டால் இரண்டும் வராது என்பது சின்ன லாட்ஜ்களின் பழைய வழக்கம். இன்னொன்று: ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரை இணையத்தில் இறக்கி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் முழு ஆதாரின் நகல்கள் இந்நேரம் எத்தனை மேசை இழுப்பறைகளில் கிடக்கின்றனவோ.

ரயில் நிலைய ஓய்வறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உறுதியான டிக்கெட்டோ ஆர்.ஏ.சி.யோ இருந்தால் அந்த பி.என்.ஆர். எண்ணை வைத்து இணையத்தில் பதிவு செய்யலாம்; காத்திருப்புப் பட்டியல்காரர்களுக்குக் கிடையாது. இரண்டு நாளுக்குமேல் நீட்டிக்க முடியாது. நெல்லை எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்கி, குளித்து, சேலை மாற்றி, பத்தரைக்கு ஒரு மேசை முன்னால் நிற்க வேண்டும் என்றால் இதைவிடத் தோதான இடம் இல்லை. எதற்குத் தனியாக வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. டிக்கெட்டே பதில் சொல்லிவிடுகிறது. தூக்கம் மட்டும் அறிவிப்புகளுக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் வரும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பேர் சிக்கியபோது அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சோறு சமைத்துக் கொண்டுவந்ததை, ஓய்வறையில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா இரவு பதினொரு மணிக்கு முழுநீளமாகச் சொன்னார். அவருடைய தங்கை மகள் அந்த வண்டியில் இருந்தாளாம். காலையில் கண் விழித்தபோது அவர் போய்விட்டிருந்தார், பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.

இனி ஹாஸ்டல். மூன்றாவது பயணம் ஆனி மாதக் கடைசியில் அமைந்தது, குற்றாலத்தில் சீசன். சீசனில் அங்கே அறை வாடகை ஏறும் வேகத்தைப் பார்த்தால் அருவியே மெதுவாக விழுவதுபோலத் தோன்றும். அப்போதுதான் தோழி ஒருத்தி இந்த இடத்தைச் சொன்னாள். பழைய ஓட்டு வீடு, கீழே பெண்களுக்கு ஆறு கட்டில், மாடியில் ஆண்களுக்கு எட்டு. ஒரு கட்டிலுக்கு 450 ரூபாய். பார்த்துக்கொள்கிற தம்பி ஆதாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பாளையங்கோட்டையா அக்கா, அப்படியானால் வழி சொல்ல வேண்டாம்” என்றான். அதே முகவரி. லாட்ஜில் என்னைச் சந்தேகத்துக்குரியவளாக்கிய முகவரி இங்கே என்னை ஊர்க்காரியாக்கியது. மாடியில் ஒரு பிரெஞ்சுக்கார சைக்கிள் பயணி இருந்தார். வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் பாஸ்போர்ட் விவரங்களை அரசின் இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும் என்பதால் தம்பியின் கவலை எல்லாம் அவரைச் சுற்றித்தான் இருந்தது.

தனியாகக் குற்றாலம் போனவர்களுக்கு ஒரு சங்கடம் நன்றாகத் தெரியும். அருவிக்குள் இறங்கும்போது பையை யாரிடம் கொடுப்பது? குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு இதற்கென்றே ஒரு பாட்டி இருப்பாள், குளிக்காமல் பாறையோரம் எல்லோருடைய செருப்பையும் போனையும் மடியில் வைத்துக்கொண்டு. தனி ஆளுக்குப் பாட்டி இல்லை. லாட்ஜில் எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிட்டுச் சாவியை மட்டும் எடுத்துப் போனால், அந்தச் சாவியை எங்கே வைப்பது? நான் ஒருமுறை தலைமுடியில் முடிந்துகொண்டு குளித்திருக்கிறேன்.

ஹாஸ்டலில் விடியற்காலை ஐந்து மணிக்குத் தம்பி வந்து கதவைத் தட்டினான். மெயினருவியில் தண்ணீர் ஆர்ச்சுக்கு மேல் கொட்டுகிறது, குளிக்க விடவில்லை, ஐந்தருவி பரவாயில்லை என்றான். அரைத் தூக்கத்தில் நான்கு பேர் கிளம்பினோம். செங்கோட்டை வழியாக ரயிலில் வந்திருந்த கொல்லத்து நர்ஸ் ஒருத்தி, கோயம்புத்தூரிலிருந்து மோட்டார் சைக்கிளிலேயே வந்துவிட்ட ஒரு பெண், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, நான். பெண்கள் பக்கத்தில் இரண்டு இரண்டு பேராக இறங்குவது, மற்ற இருவர் பைகளோடு நிற்பது என்று தலைமையாசிரியை பேசாமலே ஏற்பாடு செய்துவிட்டார். முப்பது வருடப் பழக்கம். முதுகில் அடித்து விழும் தண்ணீரில் மூச்சுத் திணறிக் கண்ணைத் திறந்தால், மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். பையில் என் போன், பணம், கண்ணாடி. முந்தின நாள் இரவுவரை அவளை எனக்குத் தெரியாது. 450 ரூபாயில் படுக்கைக்கு எவ்வளவு, இதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிரித்தால் படுக்கையின் பங்கு குறைவாகத்தான் இருக்கும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஆறு மணிக்குக் குளியலறை வரிசை. மேல் கட்டிலில் யார் புரண்டாலும் கீழே நமக்கு நிலநடுக்கம். குறட்டைக்கு மருந்தில்லை, பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். லாக்கர் தருவார்கள், பூட்டு நம்முடையது. நான் கொண்டுபோகாததால் மூலப் பத்திரத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன், அதாவது தூங்கவில்லை. இதையெல்லாம்விடப் பெரிய தொல்லை துண்டு. சாரல் காலத்தில் குற்றாலத்தில் எதுவும் காயாது. மாடி வராந்தாவில் ஒரே கயிற்றில் பதினான்கு பேரின் துணி. இரண்டாம் நாள் காலை என் துண்டு முந்தின நாளைவிட ஈரமாக இருந்தது. யாருடையதோ என்று இப்போதும் ஒரு சந்தேகம்.

அத்தை வீட்டில் இந்தப் பிரச்சினையே இல்லை. நான் குளித்து வெளியே வருமுன் பழைய துண்டு அலசிக் கொடியில் கிடக்கும், புதியது கையில் வரும். காலையில் இட்லி, மதியம் சொதி, அடுத்த நாள் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். எந்த விடுதி இதைத் தரும்? வாடகை கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். அல்வாவைத் திருநெல்வேலிக்கே கொண்டுபோக முடியாது என்பதால் அத்தைக்கு ஒரு சேலை, மாமாவுக்கு ஒரு வேட்டி, பேத்திக்குப் பொம்மை, பழம், பூ. கணக்குப் பார்த்தால் ஹாஸ்டலில் ஐந்து நாள் படுத்திருக்கலாம்.

“ஏட்டி, எத்தனை மணிக்குத் திரும்புவாய்?” என்பதிலிருந்து நாள் தொடங்கும். ஆறரைக்கு மேல் ஆனால் போன் வரும், ஏழுக்கு மாமா தெருமுனையில் நிற்பார். அருவிக்குத் தனியாகப் போகிறேன் என்றால் கூடவே வருவார்கள். பையைப் பிடித்துக்கொள்ள அத்தையைவிட நம்பிக்கையான ஆள் உண்டா? ஆனால் இந்தக் குளிரில் தலை நனையக் குளிக்கக் கூடாது என்று குளிக்கவே விடமாட்டாள். மாமா ஒருநாள் அலுவலகத்துக்கும் கூட வந்தார். நான்கு பயணத்தில் அன்றைக்கு மட்டும்தான் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அது எனக்குச் சந்தோஷமா எரிச்சலா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஆக, பத்திரத்தைப் பரப்பிப் பார்க்க வேண்டிய பயணம் என்றால் லாட்ஜ். ஆதாரில் வெளியூர் முகவரி இருப்பது நல்லது. ஒரு பகலுக்கு மட்டும் என்றால் ஓய்வறை. காய்ச்சல் வந்தாலோ மனது சரியில்லை என்றாலோ அத்தை வீடு, கேள்வியே வேண்டாம். வேலை முடிந்தும் ஒருநாள் மிச்சமிருந்து, ஊரைக் கொஞ்சம் பார்க்கலாம் என்று தோன்றினால் நான் அடுக்குக் கட்டிலுக்குத்தான் போவேன், சொந்தப் பூட்டோடும் இரண்டு துண்டுகளோடும்.

அடுத்த மாதம் ஐந்தாவது தடவை போகிறேன். இப்போது வரைபடத்தில் ஏதோ அளவு பொருந்தவில்லையாம். குற்றாலத்தில் கீழ்க் கட்டில் ஒன்றுக்குச் சொல்லிவைத்துவிட்டேன். அத்தையிடம் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறேன், வண்டி வியாழக்கிழமை காலையே போய்ச் சேரும். போனமுறை ஜங்ஷனில் என்னைப் பார்த்துவிட்டு அத்தைக்குப் போன் போட்ட பக்கத்து வீட்டுப் பையன் கண்ணில் படாமல் செங்கோட்டை வண்டியில் ஏறிவிட வேண்டும்.