ஐசிஎஸ்இயா, ஐசெக்கா, ஜர்னலா? ஒரு முதல் பேப்பரின் கணக்கு

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் நான் டீச்சர். எல்லையிலுள்ள வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் மேடம். கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறேன். தினமும் போய்வருகிற பஸ்ஸில்தான் என் எம்.டெக் மாணவியோடு இந்தப் பேச்சு நடந்தது: "மேடம், பேப்பர் ரெடிங்க. எங்க அனுப்பறது?"

அந்த ஆய்வுப் பேப்பர் எதைப் பற்றியது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. எங்கள் பக்கம் ஒரு பால் சொசைட்டியில் உறுப்பினர் பெயர்கள் தமிழிலும் உண்டு, மலையாளத்திலும் உண்டு. ஸ்ரீ என்று தொடங்கும் பெயரைத் தேடினால் பாதிப் பேர் வருவார்கள், பாதிப் பேர் வரமாட்டார்கள். காரணம் எளிது. அந்த எழுத்தை 'ஸ' வைத்தும் எழுதலாம், கம்ப்யூட்டரில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியீடு தரும் யூனிகோடில் 2005இல் சேர்ந்த 'ஶ' வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. மலையாளத்தின் சில்லெழுத்துக்கும் (உயிர் சேராமல் தனியாக நிற்கும் மெய்யின் வடிவம்) இதே கதை: 2008இல் யூனிகோட் 5.1 வந்தபோதுதான் அவற்றுக்குத் தனிக் குறியீடு கிடைத்தது, அதற்கு முன்னால் மெய்யோடு கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பானைச் சேர்த்து எழுதினார்கள். பழைய பட்டியலும் புதிய பட்டியலும் கலந்தால் ஒரே மனிதர் இரண்டு பேராகிவிடுவார். நிரலை யாரும் பார்க்கக்கூடிய ஓப்பன் சோர்ஸ் செயலிகளில் இந்த மாதிரி பக், அதாவது பிழை, எங்கெங்கே பதிவாகியிருக்கிறது, எப்படிச் சரிசெய்தார்கள் என்று மாணவி தேடித் தொகுத்திருந்தார். நல்ல வேலை. ஆனால் எவ்வளவு பெரிய வேலை? எங்கே அனுப்புவது என்பது அதைப் பொறுத்தது.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஐசிஎஸ்இ. பள்ளிப் பாடத்திட்டம் இல்லை, இது வேறு. 1975இல் தொடங்கிய மாநாடு, சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்கில் அதைவிடப் பெரிய பெயர் இல்லை. இந்தியாவுக்கு 2014இல் ஹைதராபாத்துக்கு வந்தது. மற்றபடி 2024 லிஸ்பன், 2025 ஒட்டாவா, 2026 ரியோ டி ஜெனிரோ. பத்துப் பக்கம், மேற்கோள் பட்டியலுக்கு மட்டும் கூடுதலாக இரண்டு. புதுமை, முறையின் உறுதி, பொருத்தம், பிறர் சரிபார்க்க முடிகிற வெளிப்படைத்தன்மை, எழுத்து என்று ஐந்து தராசில் நிறுத்துவார்கள். வந்ததில் நாலில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோதான் தேறும். எழுதியவர் பெயர் பேப்பரைப் படித்து மதிப்பிடும் ரிவியூவருக்குத் தெரியாது, ரிவியூவர் பெயர் எழுதியவருக்குத் தெரியாது. எங்களைப் போன்ற பெயர் தெரியாத கல்லூரிக்காரர்களுக்கு இது உண்மையிலேயே நல்லது. எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டு யாரும் மூக்கைச் சுளிக்க முடியாது.

போன முறை இந்தப் பேப்பரின் முந்தைய வடிவத்தை அங்கேதான் அனுப்பினோம். அதில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். கடைசி நாள் என்றால் நம் ஊர் நள்ளிரவு என்று நினைத்துக்கொண்டு ராத்திரி பதினொன்றரைக்கு அவசர அவசரமாக ஏற்றினோம். காலையில்தான் கவனித்தேன், டெட்லைனுக்குப் பக்கத்தில் 'ஏஓஇ' என்று போட்டிருந்தது. உலகத்தில் எந்த மூலையிலாவது அந்தத் தேதி மிச்சமிருக்கும்வரை நேரம் உண்டு என்று அர்த்தம். நமக்கு அது மறுநாள் மாலை 5.29. நள்ளிரவுக்கு அப்புறமும் பதினேழரை மணி நேரம் சும்மா கிடந்திருக்கிறது! சரி, இருக்கிற நேரத்தில் இன்னொரு முறை பார்ப்போம் என்று பேப்பரோடு ஏற்றிய தரவுக் கோப்புகளைத் திறந்தேன். புரோகிராம் ஓடும்போது தானாகப் பதிவாகிற ஒரு லாக் ஃபைலில் வரிக்கு வரி மாணவியின் பெயரும் எங்கள் கல்லூரிப் பெயரும் ஃபோல்டர் பாதையாக அச்சாகியிருந்தன. பேப்பரில் பெயரை மறைத்துவிட்டுத் தரவில் தம்பட்டம் அடித்திருக்கிறோம். அப்படியே போயிருந்தால் படிக்காமலே திருப்பி அனுப்பியிருக்கலாம், விதியில் அதற்கு இடமுண்டு. பேப்பரை ஏற்றும் தளமான ஹாட்சிஆர்பியில் டெட்லைன் வரை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் தப்பினோம்.

பிறகு பேப்பர் நிராகரிக்கப்பட்டது என்பது வேறு விஷயம். ஆனால் வந்த மூன்று ரிவ்யூக்களில் இரண்டு, ஒரு செமஸ்டர் பாடத்துக்குச் சமம். "இரண்டு எழுத்துமுறைகளை மட்டும் பார்த்துவிட்டு இந்திய மொழிகள் என்று ஏன் சொல்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயம்தானே.

இதற்கு எதிரே எஃப்எஸ்இ, இதே துறையின் இன்னொரு மாநாடு. தரத்தில் ஐசிஎஸ்இக்குத் தம்பி என்றுகூடச் சொல்ல முடியாது, இரட்டைப் பிள்ளை. ஒரு வித்தியாசம் மட்டும் நம் ஊர்க்காரர்களுக்கு முக்கியம். 2024 முதல் அதன் பேப்பர்கள் கம்ப்யூட்டர் துறையினரின் சர்வதேசச் சங்கமான ஏசிஎம் நடத்தும் ஒரு ஜர்னலின் இதழாக வெளிவருகின்றன. ஒற்றை நெடுவரிசையில் பதினெட்டுப் பக்கம், மேற்கோளுக்கு நான்கு. பிஎச்டிக்குப் பேப்பர் கட்டாயம் என்பதை யுஜிசி 2022 விதிமுறையில் எடுத்துவிட்டது. ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியில் ஜர்னல் வேண்டும் என்று வைத்திருக்கின்றன. ஐசிஎஸ்இ பேப்பரைக் கொண்டுபோய் நீட்டினால் "இது கான்ஃபரன்ஸ்தானே?" என்று கேட்கிற அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே எஃப்எஸ்இ பேப்பர் கொஞ்சம் சுலபமாக நுழையும். மற்றபடி கஷ்டம் ஒன்றுதான், செலவும் ஒன்றுதான். 2025இல் நார்வேயின் டிரான்ஹெய்மில் நடந்தது. டிக்கெட் விலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலு பக்கத்தில் முடிகிற வழிகளும் உண்டு. எம்எஸ்ஆர் என்ற மாநாடு 2004இல் ஒரு சிறு பட்டறையாகத் தொடங்கி இன்று ஐசிஎஸ்இயோடு ஒட்டி நடக்கிறது. பிழைகளைப் பதிவுசெய்யும் இஷ்யூ டிராக்கர், நிரலில் செய்த மாற்றங்களின் கமிட் வரலாறு, இவற்றைத் தோண்டுவதுதான் அதன் வேலை. எங்கள் பேப்பருக்குப் பொருளில் இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஒரே தரவை எல்லோருக்கும் கொடுத்து "இதில் என்ன கேள்வி கேட்பாய்?" என்று போட்டி வைக்கிற பிரிவும் அதில் இருக்கிறது. தனியாகத் தரவு சேர்க்க முடியாத மாணவர்களுக்கு அது வரம். முதலில் நானும் இந்தப் பக்கம்தான் சாய்ந்தேன். அப்புறம் கணக்குப் போட்டேன். நாலு பக்கம் எழுதினாலும் பத்துப் பக்கம் எழுதினாலும் போக வேண்டியது அதே ஊருக்கு, அதே விசாவில், பல நூறு டாலர் பதிவுக் கட்டணத்தோடு. ஐசிஎஸ்இக்கு ஏற்கெனவே போகிறவர்களுக்குத்தான் இது லாபம். ஏசிஎம்மின் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் பிரிவான சிக்சாஃப்ட்டின் கேப்ஸ் திட்டத்தில் மாணவர்களுக்குப் பயண உதவி உண்டு, விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் சரி. அதை நம்பி வீட்டுக்குச் சொல்லிவிட முடியாது.

இந்தியாவிலேயே நடக்கும் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் மாநாடான ஐசெக்கைப் பற்றி எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு இளக்காரம் இருக்கிறது: "அது இந்தியாவுல நடக்கறதுதானே." எனக்கு இதில் உடன்பாடே இல்லை. 2008இல் ஹைதராபாத்தில் தொடங்கியது, 2011இல் திருவனந்தபுரத்துக்கும் 2014இல் சென்னைக்கும் வந்தது. பேப்பர்கள் ஏசிஎம் டிஜிட்டல் லைப்ரரியில் இருக்கும். வழக்கமாகப் பிப்ரவரி வாக்கில் நடக்கும். பாலக்காடு ஜங்ஷனில் ரயிலேறினால் போதும், விசா ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டாம். உலகத் தரவரிசையில் ஐசிஎஸ்இக்குப் பல படி கீழே என்பது உண்மை. ஆனால் மேடையில் நின்று சில்லெழுத்து என்று மாணவி சொன்னால், அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் தங்கள் மொழியிலும் அதே தொல்லையைப் பார்த்திருப்பார்கள். ஒட்டாவாவில் அதை விளக்கவே பாதி நேரம் போய்விடும்.

ஜர்னல் இன்னொரு ரகம். 'எம்பிரிக்கல் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்' மாதிரி இதழ்களுக்குக் கடைசித் தேதி இல்லை, பக்கத்துக்குக் கெடுபிடி குறைவு, சந்தா முறையில் வெளியிட்டால் எழுதுபவர் காசு கட்ட வேண்டியதில்லை. வேண்டியது பொறுமை மட்டும். மாதக்கணக்கில் காத்திருந்து, பெரிய திருத்தம் என்று வந்து, மறுபடி எழுதி, மறுபடி காத்திருக்க வேண்டும். எம்.டெக் மாணவி அதற்குள் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விடுவார். முழுநேர பிஎச்டிக்காரருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகு அதையே ஐசிஎஸ்இ மேடையில் பேசும் ஏற்பாடும் இருக்கிறது.

மூன்று நாளில் ஏற்பு, கூடவே கட்டண ரசீது என்று மெயில் வருகிற 'இன்டர்நேஷனல்' மாநாடுகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ரிவ்யூ என்று ஒரே ஒரு வரி வரும், "நல்ல பேப்பர், ஏற்கலாம்" என்று. எங்கள் மூன்றாவது ரிவியூவரின் கோபமான அரைப் பக்கம் இதைவிடப் பத்து மடங்கு மேல்.

பஸ் செக்போஸ்ட்டைத் தாண்டி, தமிழ்நாட்டுக்கு வரவேற்கும் எஸ்எம்எஸ் வந்தபோது முடிவாகிவிட்டது. தேவநாகரியையும் கன்னடத்தையும் சேர்த்து இந்த முறை ஐசெக். அங்கே கேட்கப்படும் கேள்விகளை வைத்து வேலையை விரித்து, கணிசமான புதிய பகுதியோடு பிறகு ஜர்னல். "அப்ப ஐசிஎஸ்இ வேண்டாமுங்களா?" என்று கேட்டார். "உன் பிஎச்டிக்கு" என்றேன். சிரித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்து, ஃபோல்டர் பாதையில் இருந்த தன் பெயரை அழிக்கத் தொடங்கினார்.