முதலில் எதைக் கேட்பது: எக்ஸ்மிலிட்டரியா, மிட்சிட்டியா?

இரண்டுமே கலிபோர்னியாவில் பிறந்த ராப் இசைத் தொகுப்புகள், இரண்டுமே கேட்பவரை உலுக்குபவை. சாக்ரமெண்டோவின் டெத் கிரிப்ஸ் குழுவினர் 2011 ஏப்ரலில் எக்ஸ்மிலிட்டரியை இணையத்தில் இலவசமாகவே கொடுத்தார்கள். லாஸ் ஏஞ்சலஸின் கிளிப்பிங் குழு 2013இல் மிட்சிட்டியைத் தாங்களே வெளியிட்டது.

எக்ஸ்மிலிட்டரி பழைய ராக் இசையைப் பிய்த்துப் போட்டுக் கட்டியது. லிங்க் ரேயின் 1958 கிட்டார், பிளாக் ஃபிளாக் குழுவின் பங்க் ராக், பிங்க் ஃபிளாய்டின் ஆரம்பகாலத் துண்டுகள் எல்லாம் அதில் கிடக்கின்றன. தொடக்கமே கொலைக் குற்றவாளி சார்லஸ் மேன்சனின் பேட்டிக் குரல்தான். முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பு சில்லிட்டது. அப்புறம் குழுவின் ராப்பர் எம்சி ரைடு பாடுவதில்லை, குரைக்கிறார், அலறுகிறார். ஜாக் ஹில்லின் டிரம்ஸ் அதற்குச் சரிக்குச் சரி நிற்கிறது. சொற்கள் முழுதும் பிடிபடாவிட்டாலும் ஒருவர் உள்ளுக்குள் வெடிப்பது புரிந்துவிடும்.

மிட்சிட்டியில் நிலைமை தலைகீழ். இசையமைக்கும் வில்லியம் ஹட்சனும் ஜொனாதன் ஸ்னைப்ஸும் தருவது இரைச்சல், கீச்சொலி, சில இடங்களில் தாளமே இல்லை. அதன்மேல் ராப்பர் டேவீட் டிக்ஸ் ஒரு சொல்லும் சிதறாமல் அதிவேகமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். ‘நான்’ என்ற சொல்லைத் தவிர்ப்பது இந்தக் குழுவின் விதி. அந்த விலகல்தான் கதைகளுக்குக் கூர்மை தருகிறது.

வரிகளுக்காக ராப் கேட்பவர் மிட்சிட்டியில் தொடங்கலாம். எனக்கு எக்ஸ்மிலிட்டரிதான். அதன் ஆவேசம் இன்னும் ஆறவில்லை.