ஆட்டோரன்ஸ்: ஸ்டார்ட்அப்பை மாற்றவிடாமல் விண்டோஸ் முரண்டு பிடித்தால்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளிலும் இ-சேவை மையங்களிலும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு டீ குடித்து வரலாம். அதற்குள் அது தயாராகிவிட்டால் அதிர்ஷ்டம். தானாகத் தொடங்கும் மென்பொருள்களின் கூட்டம்தான் பெரும்பாலும் காரணம். அதைக் குறைக்கப் போனால் 'அக்சஸ் டினைடு' (அனுமதி மறுப்பு) என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும், தானாகத் தொடங்குபவற்றைப் பட்டியலிடும் ஆட்டோரன்ஸ் இந்த இடத்தில் எவ்வளவு உதவும்?

விண்டோஸிலேயே இருக்கும் எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியைவிட நிறையவே. விண்டோஸ் 8 வந்தபோதே எம்எஸ்கான்ஃபிக்கின் ஸ்டார்ட்அப் பட்டியல் டாஸ்க் மேனேஜருக்குப் போய்விட்டது. அங்கே தெரிவதும் லாகின் ஆனதும் ஓடும் நிரல்கள் மட்டும். ஆட்டோரன்ஸ் பின்னணியில் ஓடும் சர்வீஸ், கருவிகளை இயக்கும் டிரைவர், குறித்த நேரத்தில் ஓடும் ஷெட்யூல்டு டாஸ்க் வரை எல்லாவற்றையும், விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியின் முகவரியோடு, டிக் பெட்டி வைத்துக் காட்டுகிறது. அனுமதிச் சிக்கலுக்கு அந்த முகவரிதான் துப்பு. எச்கேசியு என்று தொடங்கினால் அது அந்தப் பயனருக்கு மட்டுமானது. பொதுவாக அவரே மாற்றலாம். எச்கேஎல்எம் என்றால் மொத்த கம்ப்யூட்டருக்கும் பொது. அட்மின் உரிமை இல்லாமல் கை வைக்க முடியாது.

'நான் அட்மின் கணக்கில்தானே இருக்கிறேன்' என்பார்கள். அது போதாது. யுஏசி என்ற விண்டோஸின் அனுமதி கேட்கும் பாதுகாப்பு இருக்கும்வரை அட்மின் கணக்கில் திறக்கும் நிரலும் சாதாரண உரிமையோடுதான் ஓடும். ஆட்டோரன்ஸில் ஃபைல் மெனுவுக்குள் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' இருக்கிறது, அதை அழுத்த வேண்டும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் ப்ராம்ப்ட் எந்த உரிமையில் இருக்கிறது என்ற சந்தேகம் வந்தால் 'ஹூஅம்ஐ' கட்டளையை 'குரூப்ஸ்' சுவிட்சோடு ஓட்டுங்கள். வரும் பதிலின் கடைசியில் 'மீடியம்' என்று வந்தால் சாதாரணம், 'ஹை' என்று வந்தால் முழு அட்மின்.

இங்கே பலர் கவனிக்காத பொறி ஒன்று உண்டு. கடைப் பையனின் சாதாரண கணக்கில் இருந்துகொண்டு முதலாளியின் அட்மின் பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்தால், ஆட்டோரன்ஸ் முதலாளி கணக்கின் எச்கேசியு பட்டியலைத்தான் காட்டும். டிக்கை எடுத்தும் எதுவும் மாறவில்லையே என்று குழம்ப வேண்டாம். மேலே யூசர் மெனுவில் சரியான கணக்கைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

முழு அட்மின் உரிமையிலும் மறுப்பு வந்தால் அடுத்த சந்தேகம் ஆன்டிவைரஸ். தன் சர்வீஸை யாரும் நிறுத்தாதபடி அது தன்னைக் காத்துக்கொள்கிறது. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரில் இதற்கு டேம்பர் புரொடெக்‌ஷன் என்று பெயர். மறுப்பு நியாயமானது, அதை விட்டுவிடுங்கள். காலாவதியான வேறு ஆன்டிவைரஸ் என்றால் அதன் செட்டிங்ஸில் தற்காப்பை அணைத்துவிட்டு முறையாக அன்இன்ஸ்டால் செய்வதுதான் வழி. அதுவும் முடியாவிட்டால், அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோட். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய், ரீஸ்டார்ட் ஆனபின் 4-ஐ அழுத்துங்கள். எம்எஸ்கான்ஃபிக்கில் 'சேஃப் பூட்' டிக் போட்டால், அதை எடுக்கும்வரை ஒவ்வொரு முறையும் சேஃப் மோடிலேயேதான் எழும்.

டிக்கை எடுப்பதோடு நிறுத்துங்கள், டெலிட் வேண்டாம். டிக் எடுத்த பதிவை ஆட்டோரன்ஸ் தனி இடத்தில் ஒதுக்கி வைக்கும். மறுபடி டிக் போட்டால் திரும்பி வரும். டெலிட் செய்தது வராது. மஞ்சள் வரிகள் ஃபைல் இல்லாமல் தொங்குபவை, அவற்றில் தொடங்கலாம். இளஞ்சிவப்பைப் பார்த்ததும் வைரஸ் என்று முடிவுகட்ட வேண்டாம். தயாரித்தவரின் டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்கப்படவில்லை என்பதுதான் பொருள். ஆதார் கைரேகைக் கருவியை இயக்கும் ஆர்டி சர்வீஸ், டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் மென்பொருள் இரண்டையும் தொடாதீர்கள். அவை நின்றால் இ-சேவை மையத்தில் வாடிக்கையாளர் விரலை வைத்துக்கொண்டு நிற்பார், எதிரே எதுவும் நடக்காது. ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைக்கும் வசதியை முதலிலேயே போட்டுவிட்டால் பட்டியல் பாதியாவது குறையும், தவறும் குறையும்.

ஆட்டோரன்ஸ் எட்டாத இடம் பூட் அமைப்பு, அதாவது விண்டோஸ் எப்படி எழ வேண்டும் என்ற அமைப்பு. அதற்கு கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஓடும் பிசிடிஎடிட் கட்டளைதான். 'பூட் கான்ஃபிகரேஷன் டேட்டா ஸ்டோரைத் திறக்க முடியவில்லை, அனுமதி மறுக்கப்பட்டது' என்று வந்தால் கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினாகத் திறந்தால் பெரும்பாலும் தீர்ந்தது. எதையும் மாற்றுமுன் எக்ஸ்போர்ட் கட்டளையால் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்குப் பதில் பவர்ஷெல்லில் ஓட்டினால், பிசிடிஎடிட் கட்டளையில் வரும் நெளிவு அடைப்புக்குறியை மேற்கோளுக்குள் போடாவிட்டாலும் கட்டளை தோற்கும். அது அனுமதிப் பிழையல்ல. 'செக்யூர் பூட் பாலிசியால் பாதுகாக்கப்பட்டது' என்று வந்தால் எந்த அட்மினாலும் நடக்காது. செக்யூர் பூட் என்பது நம்பகமான கையொப்பமுள்ளவற்றை மட்டும் எழவிடும் பாதுகாப்பு. கையொப்பமில்லாத பழைய டிரைவரை ஏற்ற, அதை அனுமதிக்கும் டெஸ்ட்சைனிங் அமைப்பைப் போடும்போது வருவது இது. பயாஸில் செக்யூர் பூட்டை அணைக்கலாம்தான், ஆனால் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அது கையில் இல்லாமல் இறங்காதீர்கள். கையொப்பமுள்ள டிரைவரைத் தேடுவது மேல்.

பாரிமுனை, ராயபுரம் கிளியரிங் ஆபீஸ்களில் டொமைனில் (அலுவலகத்தின் மைய நிர்வாக நெட்வொர்க்கில்) இணைந்த கம்ப்யூட்டர் என்றால் கதையே வேறு. அங்கிருந்து நிர்வாகி அனுப்பும் விதிகளான குரூப் பாலிசி வழியாக வந்த பதிவை நீங்கள் எடுத்தாலும், சாதாரணமாக 90 நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கும் புதுப்பிப்பிலோ அடுத்த லாகினிலோ திரும்பி வந்துவிடலாம். அங்கே ஆட்டோரன்ஸில் எதையும் மாற்றாமல், பட்டியலை ஃபைல் மெனுவில் சேமித்து ஐடி ஆளுக்கு அனுப்புங்கள். அவரால் தன் ஆட்டோரன்ஸிலேயே அதைத் திறந்து பார்க்க முடியும்.