டென்ட் டிரெய்லர் கூரை லிஃப்ட் ரிப்பேர்: எல்லாம் நல்லாத்தான் இருக்கு, அந்த ஒரு புல்லியைத் தவிர

நண்பன் ஒருத்தன், பழைய டென்ட் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போய், கூரையை ஏத்தி டென்ட் துணியோட விரிச்சு உள்ள தங்கறது) ஒண்ணு விலைக்கு வருது, கூரை ஏத்துற சிஸ்டத்தை நம்பி வாங்கலாமான்னு கேட்டான். என் டிரெய்லர்ல இப்பத்தான் கூரையை ஏத்துற கம்பிக் கேபிள் மாத்தி முடிச்சேன், கோவம் இன்னும் ஆறல. அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவா எழுதறேன். மெத்தை, அடுப்பு, டென்ட் துணி எதைப் பத்தியும் இல்ல, லிஃப்ட் மட்டும்தான்.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன், ஏன்னா அது உண்மையிலேயே நல்ல டிசைன். கைப்பிடியைச் சுத்தினா முன்னாடி இருக்குற வின்ச் மெயின் கேபிளை இழுக்கும், அதோட மறுமுனை தரைக்கு அடியில ஒரு இரும்புப் பட்டையில மாட்டியிருக்கு, அந்தப் பட்டையிலேர்ந்து நாலு மூலைக்கும் நாலு கேபிள் பிரிஞ்சு, மூலைக்கு ஒரு புல்லி மேல வளைஞ்சு போகுது. மூலைக்கேபிள் இழுக்க இழுக்க, குழாய்க்குள்ள படுத்திருக்குற நீளமான ஸ்பிரிங் மூலையில வளைஞ்சு திரும்பி, கூரையைத் தாங்குற போஸ்ட்டுக்குள்ள ஏறும். இடைவெளியே இல்லாம நெருக்கமா சுத்துன ஸ்பிரிங், அதனால அமுங்காது, ஆனா வளையும். அது தள்ளத் தள்ள ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்குற போஸ்ட் மேல வரும். மோட்டார் இல்ல, ஆயில் பம்ப் இல்ல, ஒரு ஆளோட கைபலத்துல மொத்தக் கூரையும் எழும்பிடுது. வின்ச் பிரேக்கும் அருமை. ஏத்தும்போது டிக் டிக்னு சத்தம் வரும், கையை எடுத்தாலும் கூரை அப்படியே நிக்கும், ஏன்னா கூரையோட எடையே பிரேக் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்குது. அந்த டிஸ்க்ல மட்டும் ஆயிலோ கிரீஸோ படவே கூடாது, பட்டா வழுக்கி கூரை கீழ இறங்க ஆரம்பிச்சிடும்.

இப்ப கோவத்துக்கு வர்றேன். ரொம்ப நாளா பின்பக்க இடது மூலை மட்டும் மத்த மூணைவிட லேட்டா ஏறும், கடைசியில கூரை ஒரு பக்கம் சாஞ்சே நிக்கும். இதை யார்கிட்ட சொன்னாலும் அந்த இரும்புப் பட்டையில இருக்குற நட்டை டைட் பண்ணுன்னுதான் சொல்வாங்க. கேபிள் நீண்டுபோயிருந்தா அது சரியான வைத்தியம். ஆனா டைட் பண்ணி கொஞ்ச நாள்லயே அதே மூலை திரும்பவும் பின்தங்குச்சுன்னா நட்டை விட்டுட்டு புல்லியைத்தான் பாக்கணும். பாக்கணும்னா எப்படிப் பாக்கறது? மூலைப் புல்லி இருக்கறது கேபினெட்டுக்குப் பின்னாடி, தரைக்குக் கீழ, தகடு போட்டு மூடி. மேனுவல்ல மட்டும் கேபிளையும் புல்லியையும் அப்பப்ப செக் பண்ணுங்கன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். கண்ணுக்கே தெரியாத இடத்துல வெச்சுட்டு எதைய்யா செக் பண்ணச் சொல்றே?

கேபினெட்டைக் கழட்டி தகட்டை எடுத்துப் பாத்தப்ப எல்லாம் புரிஞ்சுபோச்சு. புல்லி துரு ஏறி இறுகி சுத்தவே இல்ல. கேபிள் அது மேல உருள வேண்டியது, உரசி உரசி பள்ளத்தோட ஒரு பக்கத்தை ரம்பம் மாதிரி அறுத்து வெச்சிருக்கு. கீழ செம்மண் கலர்ல துருப்பொடி குவிஞ்சு கிடக்கு. கேபிள்ல துணியைச் சுத்தி மெதுவா இழுத்தேன், புல்லி மேல வளையற இடத்துல துணி மாட்டிக்கிச்சு, அங்க கம்பி இழை இழையா அறுந்து ஊசியா நீட்டிட்டு நிக்குது. வெறும் கையால இதைத் தடவிப் பாக்கவே கூடாது. இந்த நிலைக்கு வந்த கேபிளை ஒட்டுப் போடறது, கிளாம்ப் போட்டு ஓட்டறதெல்லாம் வேணாம், முழுசா மாத்திடணும்.

வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. நாலு மூலைக் கேபிளும் கடைசியில தொங்கறது அந்த ஒரே மெயின் கேபிள்ல, அது விட்டா மொத்தக் கூரையும் தலைமேலதான். அதனால கூரையை ஏத்திட்டு, நாலு மூலையிலயும் உயரத்துக்கு வெட்டின மரக்கட்டை முட்டுக் கொடுத்து, வின்ச்சை லேசா லூஸ் விட்டு, எடை முழுக்க கட்டை மேல உக்காந்ததைப் பாத்த பிறகுதான் உள்ள போகணும். இதுல சமாதானமே கிடையாது.

புது கேபிளுக்கு 7×19 ரகம் வாங்கினேன், அதாவது 19 கம்பி சேர்ந்த புரி, அப்படி 7 புரி. 7×7-ஐ விட நல்லா வளையும், சின்னப் புல்லிக்கு அதுதான் சரி. பழைய கேபிளோட தடிமனை அளந்து அதே சைஸ்தான் போடணும், தடிமனா போட்டா பலம்னு நெனச்சு மாத்தினா புல்லிப் பள்ளத்துல சரியா உக்காராது. புது புல்லி, புது பின், கேபிள் முனையில ஸ்லீவ்ங்கற சின்ன உலோகக் குழாய் வெச்சு நசுக்கினது, எல்லாமே சாதா டூல்ஸ்லயே முடிஞ்சிருச்சு. போஸ்ட்டுக்கு சிலிகான் ஸ்பிரே மட்டும்தான், கிரீஸ் போட்டா மண்ணைப் பிடிச்சு வெச்சுக்கும். இப்ப நாலு மூலையும் ஒண்ணா ஏறுது, கைப்பிடி சுத்தறதும் முன்னைவிட ரொம்ப லேசு. கழட்டினதோட கழட்டினதா ஒவ்வொரு மூலைக்கும் நேரா கை போற அளவுக்கு தகட்டுல ஓட்டை வெட்டி, ஸ்குரூ வெச்ச மூடி போட்டுட்டேன். கம்பெனிக்காரன் இதைப் பண்ணியிருந்தா அவனுக்கு என்ன பெரிய செலவு வந்திருக்கும்? அப்பப்ப ஒரு சொட்டு ஆயில் விட வழி இருந்திருந்தா அந்தப் புல்லி இன்னும் சுத்திட்டு இருந்திருக்கும், கேபிளும் பொழச்சிருக்கும். இத்தனை மூளையோட ஸ்பிரிங்கையும் பிரேக்கையும் யோசிச்சவங்களுக்கு ஒரு மூடி வைக்கத் தோணலையேங்கறதுதான் என்னால தாங்க முடியல.

சரி, வாங்கலாமா? என்னைக் கேட்டா நான் இன்னொரு தடவை வாங்க மாட்டேன், அடுத்தது கூரை மடங்காத டிரெய்லர்தான். நண்பன் வாங்கியே தீருவேன்னு நிக்கறான். அவன்கிட்ட சொன்னது: டிரெய்லரை லெவல் பண்ணு, கூரையைப் பூட்டி வைக்கிற லாட்ச் நாலும் திறந்திருக்கான்னு பாரு, முழு உயரத்துக்கு நீயே சுத்தி ஏத்து, நாலு மூலையும் ஒண்ணா வருதான்னு பாரு, பாதியில கையை எடுத்து பிரேக் பிடிக்குதான்னும் பாரு. ஒரு மூலை பின்தங்கினா, நட்டை லேசா திருகினா சரியாயிடும் சார்னு விக்கறவர் சொல்வார். அப்ப அந்த மூலைத் தகட்டைக் கழட்டிக் காட்டச் சொல்லு, மாட்டேன்னா கிளம்பி வந்துடு.