மூன்றாம் நாள் போன்: சினைப்பைப் புற்றுநோய் ஆதரவுக் குழு, பயன்பாட்டு அனுபவம்

பொதுவான கேன்சர் வாட்ஸ்அப் குழுவில் சினைப்பைப் புற்றுநோய் உள்ள ஒரு பெண் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். 2022இல் இந்தியாவில் புதிதாகப் பதிவான மார்பகப் புற்றுநோய் சுமார் 1,92,000. சினைப்பைப் புற்றுநோய் சுமார் 47,000. நாலுக்கு ஒன்று. பேச்சு முழுக்க மேமோகிராம், கை வீக்கம், ஐந்து வருட மாத்திரை என்றே ஓடும். நடுவில் ஒருத்தர் "வயித்துல தண்ணி எடுத்தாங்க, மறுபடியும் சேருது, எத்தனை நாளுக்கு ஒரு தடவை எடுப்பாங்க?" என்று கேட்டால் நாலைந்து கும்பிடு ஸ்டிக்கர் வரும், பதில் வராது.

தனிக் குழு வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படும் சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலானோருக்குத் திரும்ப வருகிறது. "ஆறு கீமோ முடிச்சேன், ஜெயிச்சுட்டேன்" என்ற பேச்சு மட்டுமே ஓடும் இடத்தில், இரண்டாவது தடவை கீமோவுக்குப் போகிறவர் வாயே திறக்க மாட்டார்.

அடையாறு, காரப்பேட்டை, ஜிப்மர், வேலூர் என்று வெவ்வேறு இடங்களில் சிகிச்சை எடுக்கும் தமிழ்ப் பெண்களை ஒரே குழுவில் வைத்து வருடக்கணக்கில் நடத்திப் பார்த்ததில் எழுதுகிறோம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். குழு ஓர் அறிவிப்புப் பலகை, அவ்வளவுதான். உண்மையில் வேலை செய்வது ஜோடி: சிகிச்சை முடித்த ஒருத்தர், இப்போது எடுத்துக்கொண்டிருக்கும் ஒருத்தர், நடுவில் ஒரு போன்.

ஜோடி சேர்ப்பது

வயதையும் ஊரையும் பார்த்துச் சேர்க்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். அது பாதிதான் உதவுகிறது. முதலில் கேட்க வேண்டியது சிகிச்சையின் வரிசை. ஆபரேஷன் முடித்து ஆறு கீமோவா, இல்லை மூன்று கீமோ, ஆபரேஷன், மறுபடி மூன்று கீமோவா? இரண்டாவது வகைக்காரரை முதல் வகைக்காரரோடு சேர்த்துவிட்டால், "எனக்கு நேரா ஆபரேஷன் பண்ணாங்களே, உங்களுக்கு ஏன் பண்ணல?" என்ற ஒரே கேள்வியில் அந்த ஜோடி முடிந்தது. கேட்டவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. கேட்கப்பட்டவருக்கு அன்று தூக்கம் கிடையாது.

அடுத்தது கட்டியின் வகை. பயாப்சி ரிப்போர்ட்டில் 'ஹை கிரேட் சீரஸ்' (வேகமாக வளரும் வகை) என்று இருப்பவர்களே பெரும்பான்மை. ஜெர்ம் செல் கட்டி (கருமுட்டையாக மாறும் செல்லில் தொடங்கும் வகை) உள்ள 17 வயதுப் பெண்ணின் அம்மாவை இந்தக் கூட்டத்துக்குள் விடவே கூடாது. அந்தக் கட்டிக்கு மருந்து வேறு: பிளியோமைசின், எடோபோசைடு, சிஸ்பிளாட்டின். ரத்தத்தில் பார்க்கும் மார்க்கரும் வேறு. குணமாகும் வாய்ப்போ மிக அதிகம். அவர் இங்கே உட்கார்ந்து படிப்பதெல்லாம் தன் மகளுக்குப் பொருந்தாத பயம். அவருக்குத் தனியாக ஒரு போன் நம்பர் போதும்.

துணையாகப் பேசுபவர் தன் சிகிச்சை முடித்து ஒரு வருடமாவது ஆகியிருக்கட்டும். ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு மேல் கொடுக்காதீர்கள். அவருக்கே ஸ்கேன் வரும் வாரத்தில் விடுப்பு. அந்த வாரம் வேறொருவர் பேசுவார் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அவருக்கே நோய் திரும்பிவிட்டால்? ஜோடியை உடனே மாற்றிக் கொடுங்கள். ஆனால் அவரோடு ஜோடியாகப் பேசிவந்தவர் அந்தச் செய்தியை அவர் வாயால்தான் கேட்க வேண்டும். குழுவில் வேறு யாரோ எழுதித் தெரியக் கூடாது.

21 நாள் காலண்டர்

பாக்லிடாக்சல், கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்துகள் இரண்டும் சேர்த்து 21 நாளுக்கு ஒரு தடவை. பலருக்கும் முதல் சிகிச்சை இதுதான். குழுவின் நேரத்தில் பெரும்பகுதி வீணாவது, தப்பான நாளில் விசாரிப்பதால். முதல் நாள் ஸ்டீராய்டு ஏறியிருக்கும். முகம் சிவந்து, ராத்திரி தூக்கம் வராமல், "ஒண்ணுமே தெரியலையே, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அன்றைக்குத்தான் முப்பது பேர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார்கள். மூன்றாம் நாள் அந்தத் தெம்பு இறங்கி, தொடையும் முழங்காலும் அடித்துப் போட்ட மாதிரி வலிக்கும்போது ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். வீட்டில் இருப்பவர்களும் "நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்தே" என்பார்கள். துணையின் போன் போக வேண்டியது அன்று சாயங்காலம். ஐந்தாறு நாளில் அடங்கிவிடும் என்று, அதை அனுபவித்த குரல் சொன்னால் அந்த ராத்திரி கழிந்துவிடும்.

எட்டிலிருந்து பன்னிரண்டாம் நாள் வாக்கில் கவுண்ட், அதாவது ரத்த வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, இறங்கும். அப்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கிறதா? 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் டோலோ போட்டுப் படுக்கக் கூடாது. ராத்திரி 2 மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும். மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது.

முடியைப் பற்றிய பேச்சு முதல் கீமோ முடிந்த 14ஆம் நாளுக்கு முன்பே நடந்துவிட வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கிவிடும். தலையணையில் கொத்தாகப் பார்த்த பிறகு "கட்டையா வெட்டிக்கலாமே" என்பது ஆறுதலாகாது.

நாங்கள் இதற்கு எந்த ஆப்பையும் நம்புவதில்லை. சுவரில் மாட்டும் மாதக் காலண்டரில் கீமோவிலிருந்து 3, 8, 14ஆம் நாட்களைப் பேனாவால் வட்டம் போட்டு வைத்தால் துணைக்கும் மறக்காது, வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியும்.

"காத்து பிரியுதா மா?"

குழு ஆபத்தாக மாறுவது அன்பினால்தான். இதைப் பாருங்கள்:

"அக்கா, மூணு நாளா மோஷன் போகல."

அடுத்த ஐந்து நிமிடத்தில் வாழைத்தண்டு, கீரை, இசப்கோல், விளக்கெண்ணெய், வெந்நீர் என்று பன்னிரண்டு யோசனை வந்து விழும். கீமோ நடக்கும் வாரத்தில், வாந்திக்குக் கொடுத்த ஆன்டான்செட்ரானால் வந்த சாதாரண மலச்சிக்கல் என்றால் இதில் ஒன்றிரண்டு உதவக்கூடும். ஆனால் சினைப்பைப் புற்றுநோய் வயிற்று உறையில் பரவும் நோய். குடல் அடைப்பு வரலாம். குடல் சுருங்கியிருக்கும் இடத்தில் நார்ச்சத்தைத் திணித்தால் அடைப்பு இறுகும். அதனால் யார் கேட்டாலும் முதல் பதில் ஒரு கேள்வியாகத்தான் இருக்க வேண்டும்:

"காத்து பிரியுதா மா? வலி விட்டு விட்டு இழுத்துப் பிடிக்குதா? வாந்தி உண்டா?"

காற்றும் பிரியவில்லை, வயிறு உப்பிக்கொண்டு வாந்தியும் இருக்கிறது என்றால் வாழைத்தண்டுப் பேச்சுக்கே இடமில்லை. வாயில் எதையும் போடாமல் நேராக ஆஸ்பத்திரி. குழுவில் பின் செய்து வைக்க வேண்டிய முதல் செய்தி இதுதான். வாட்ஸ்அப்பில் பின் செய்த செய்தி அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும். மாதம் ஒருமுறை யாராவது மறுபடி பின் செய்ய வேண்டும். அந்த வேலைக்கு ஓர் ஆள் என்று வைக்காவிட்டால் இரண்டாம் மாதமே விழுந்துவிடும்.

இதே மாதிரி இன்னொன்று, இரண்டாவது சுற்றுக் கீமோவுக்குப் போகிறவர்களுக்கு. முதல் ஆறு தடவையும் ஒன்றும் செய்யாத கார்போபிளாட்டின், திரும்பத் தொடங்கியபின், மொத்தத்தில் எட்டாவது தடவை வாக்கில் ஒவ்வாமை காட்டுவது உண்டு. பழகிய மருந்துதானே என்று இருந்துவிடுவார்கள். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது உள்ளங்கையோ உள்ளங்காலோ அரிக்க ஆரம்பித்தால், சொறிந்துகொண்டு காத்திருக்காமல் அந்த நொடியே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். டே கேருக்குக் கிளம்பும் காலையில் துணை இதை ஒருமுறை ஞாபகப்படுத்தினால் போதும்.

நம்பர் போடாதீர்கள்

குழுவைக் கெடுக்கும் சாமான்களில் முதலிடம் சிஏ 125 என்ற ரத்தப் பரிசோதனை எண்ணுக்கு. 35க்குக் கீழே என்றால் இயல்பு என்று ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும். ஒருத்தர் "எனக்கு 6" என்று சந்தோஷமாகப் போடுவார். 19 உள்ளவருக்கு வயிறு கலங்கும். 9 இருந்து 14 ஆனவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார்.

அந்த நம்பர் புற்றுநோய்க்கு மட்டும் ஏறுவதில்லை. மாதவிடாய், எண்டோமெட்ரியோசிஸ், கல்லீரல் சுருக்கம், வயிற்றிலோ நுரையீரலைச் சுற்றியோ நீர் சேர்வது, அண்மையில் நடந்த வயிற்று ஆபரேஷன் எல்லாமே ஏற்றும். லேப் மாறினால் கருவி மாறும், கருவி மாறினால் எண்ணும் மாறும்; எப்போதும் ஒரே லேபில் எடுங்கள். மருத்துவ ஆய்வுகளில் வைத்திருக்கும் அளவுகோலைச் சொன்னால் பாதிப் பேருக்குப் பதற்றம் இறங்கும்: நோய் திரும்புகிறது என்று கணக்கில் எடுக்க, இயல்பாகிவிட்டவருக்கு 35இன் இரண்டு மடங்கைத் தாண்ட வேண்டும், குறைந்தது ஒரு வாரம் கழித்து எடுக்கும் இரண்டாவது சோதனையும் அதையே காட்ட வேண்டும். 2010இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், அறிகுறி எதுவும் இல்லாமல் நம்பர் ஏறியதை மட்டும் பார்த்து முன்னதாகக் கீமோ தொடங்கியவர்கள், அறிகுறிக்காகக் காத்திருந்தவர்களைவிட அதிக நாள் வாழவில்லை. அதற்குப் பிறகு மருந்துகள் மாறியிருக்கின்றன. அடிக்கடி பார்ப்பதா வேண்டாமா என்பது டாக்டரும் நோயாளியும் பேசி எடுக்கும் முடிவு. பக்கத்து வீட்டு மார்க்கைப் போல ஒப்பிட அதில் ஒன்றுமில்லை.

ஆகவே விதி: நம்பரைக் குழுவில் போடக் கூடாது, ரிப்போர்ட் போட்டோவும் கூடாது, ஜோடிக்குள் பேசிக்கொள்ளலாம். இந்த விதிக்கு எதிர்ப்பு வரும். "சந்தோஷத்தைக்கூடச் சொல்லக் கூடாதா?" என்பார்கள். "ரிப்போர்ட் நல்லா வந்துச்சு" என்று வார்த்தையில் சொல்லட்டும், அது யாரையும் குத்தாது.

மாத்திரையும் கஷாயமும்

ஒருவர் இறந்த பிறகு, அவர் வீட்டில் மீதமிருக்கும் ஒலாபரிப் என்ற புற்றுநோய் மாத்திரையைக் குடும்பத்தார் நல்ல மனசோடு "யாருக்காவது கொடுங்க" என்று அனுப்புவார்கள். விலையை நினைத்தால் மறுக்க மனம் வராது. மறுத்துத்தான் ஆக வேண்டும். 150 மில்லிகிராமும் உண்டு, 100 மில்லிகிராமும் உண்டு. முழு அளவு என்பது 150இல் இரண்டு, காலையும் மாலையும். சிறுநீரகமோ கவுண்டோ சரியில்லை என்றால் டாக்டர் குறைத்திருப்பார். ரத்தசோகை வருகிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை இல்லாமல் அந்த மாத்திரை ஆபத்து. வாங்கும் செலவுக்கு வழி தேடுவது ஆஸ்பத்திரி சமூகப் பணியாளரின் வேலை, குழுவின் வேலை அல்ல.

கஷாயச் செய்திகளில் முள்சீத்தா இலைதான் திரும்பத் திரும்ப வருகிறது. அதிலுள்ள அனோனாசின் நரம்புக்கு ஆகாத பொருள். பாக்லிடாக்சல் ஏற்கெனவே பாத நரம்பைத்தான் பிடித்திருக்கிறது. செருப்பு கழன்று போனதே தெரியவில்லை என்பவரிடம் அதைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லலாமா? ஃபார்வேர்டு அனுப்பியவரைக் குழுவில் வைத்துத் திட்டாதீர்கள். தனியாகப் போன் செய்து காரணத்தைச் சொன்னால் அடுத்த தடவை அவரே மற்றவர்களைத் தடுப்பார்.

குழுவில் எழுதாத கேள்விகள்

பல வீடுகளில் போன் மகன் கையில். அதனால் பிறப்புறுப்பு வறட்சி, கணவரோடு சேருவது, திடீரென்று பற்றியெரியும் உடல் சூடு, ஸ்டோமா பை (குடலை வயிற்றுத் துளை வழியே வெளியே எடுத்தவர்கள் மாட்டும் பை) கசிவது எதுவும் எழுத்தில் வராது. வாய்ஸ் மெசேஜும் ஆகாது, அது சமையலறையில் சத்தமாக ஓடிவிடும். சேரும்போதே "எந்த நேரம் நீங்க தனியா இருப்பீங்க?" என்று கேட்டு வையுங்கள், பெரும்பாலும் மத்தியானம் 2 மணியிலிருந்து 4 மணிக்குள் என்பார்கள். அந்த நேரத்தில், முதல் இரண்டு போன் பேசி முடித்த பிறகு, துணையே பேச்சை எடுக்க வேண்டும். அவராகக் கேட்க மாட்டார்.

பணம், பயணம் பற்றிய விவரங்கள் பின் செய்த செய்தியில் இருந்தால் போதும்: முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை, ரயிலில் சிகிச்சைக்குப் போக, ஆஸ்பத்திரி தரும் சான்றைக் காட்டினால், ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்குக் கட்டணம் கிடையாது, கூட வருபவருக்கு 75 சதவீதச் சலுகை.

ஒருவர் போய்விட்டால்

செய்தி ராத்திரி 11 மணிக்குக் குழுவில் விழுந்தால், ஒவ்வொருத்தரும் இருட்டில் தனியாகப் படிப்பார்கள். முதலில் அவருடைய ஜோடிக்குப் போன்; பிறகு நெருங்கிப் பழகியவர்களுக்கு; குழுவில் மறுநாள் காலை, மூன்று வரியில், குடும்பத்தின் சம்மதத்தோடு. என்ன மருந்து வேலை செய்யவில்லை என்ற விவரம் வேண்டாம். அன்றைக்கு அட்மின் மட்டும் எழுதும்படி குழுவைப் பூட்டவும் வேண்டாம். பூட்டினால், சொல்ல வேண்டியதை எல்லோரும் தனித்தனியாக அட்மினிடம் கொண்டுவருவார்கள்.

இறந்தவரின் நம்பரை உடனே நீக்கினால் குடும்பம் புண்படும். நீக்காமலே விட்டால், சில மாதம் கழித்து மகள் அந்தப் போனில் தெரியாமல் எதையாவது தொட்டு, அவர் பெயரில் ஒரு செய்தி வந்து விழும். எல்லோருக்கும் தூக்கிவாரிப் போடும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, வீட்டாரிடம் சொல்லிவிட்டு நீக்குவது எங்களுக்குச் சரிப்பட்டு வருகிறது.

இதற்குப் பிறகு இரண்டு மூன்று பேர் சத்தமில்லாமல் விலகுவார்கள். வாட்ஸ்அப் அதை அட்மினுக்கு மட்டும்தான் அறிவிக்கும். ஏன் என்று கேட்காதீர்கள், திரும்பச் சேர்க்கவும் முயலாதீர்கள். ஜோடி நம்பர் அவர்கள் போனில் இருக்கிறது. அடுத்த ஸ்கேன் எந்த மாதம் என்பது துணைக்குத் தெரியும். அந்த மாதம் ஒரு மத்தியானம் கூப்பிட்டுப் பார்க்கட்டும்.