சி.டி. படத்திலிருந்து எஃப்.எஃப்.ஆர்.: சிமுலேஷனா, மெஷின் லேர்னிங்கா?

இதயத் தமனியில் அடைப்பு இருப்பதை சி.டி. ஆஞ்சியோ காட்டிவிடும். அது ரத்த ஓட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்வது எஃப்.எஃப்.ஆர்.: அடைப்பைத் தாண்டிய அழுத்தத்தை மகாதமனி அழுத்தத்தால் வகுத்துக் கிடைக்கும் எண். 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஸ்டென்ட் பற்றி யோசிப்பார்கள். தமனிக்குள் வயர் விடாமல், படத்திலிருந்தே இதைக் கணக்கிட இரண்டு வழிகள்: ரத்த ஓட்டத்தின் சமன்பாடுகளைக் கணினியில் தீர்க்கும் சிமுலேஷன், உதாரணங்களிலிருந்து கற்று விடையை ஊகிக்கும் மெஷின் லேர்னிங். என் ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது சிமுலேஷன்.

வேகத்தில் மெஷின் லேர்னிங்தான் முன்னே. 2016இல் வெளியான சீமென்ஸ் குழுவின் ஆய்வில், எளிமைப்படுத்திய சிமுலேஷனுக்கே சராசரியாக 196 வினாடி. மெஷின் லேர்னிங்குக்கு 2.4 வினாடி. துல்லியமும் குறைவில்லை. 351 நோயாளிகளை வைத்து 2018இல் ஒப்பிட்டபோது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றன.

ஆனால் விடை தவறினால் ஏன் தவறியது என்று தேட முடிய வேண்டுமே, எனக்கு அதுதான் முக்கியம். குழாயின் விட்டம் 10% குறைந்தால் ஓட்டத்துக்கான தடை ஒன்றரை மடங்காகும். ஒன்றரை மில்லிமீட்டர் இடுக்கில், அரை மில்லிமீட்டர் அளவுள்ள பிக்சல் ஒன்று ஓரத்தில் விடுபட்டாலே கணக்கு எங்கோ போய்விடும். சிமுலேஷனில் அழுத்தம் சட்டென்று விழும் இடத்தைப் பிடித்து, அங்குள்ள மெஷ்ஷை (தமனியைச் சிறு துண்டுகளாகப் பிரித்த கணினி வடிவம்) மூலப் படத்தோடு ஒட்டிப் பார்க்கலாம். பல நேரம் கால்சியம் படிவு படத்தில் பூதாகரமாகத் தெரிந்து உள்விட்டத்தை விழுங்கியிருக்கும். அது சரியாக இருந்தால், அடுத்துப் பார்ப்பது, கிளை முனைகளுக்கு அப்பாலுள்ள நுண்குழாய்களுக்காக நாம் கொடுத்த தடை. குழாய்களை விரிக்கும் மருந்தான அடினோசின் கொடுத்தால் நுண்குழாய்கள் எல்லோருக்கும் ஒரே அளவு விரியும் என்று வைத்துக்கொள்கிறோம். நீண்டநாள் சர்க்கரை நோயாளிக்கு அது பொருந்தாமல் போகலாம். அந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மெஷின் லேர்னிங்கில் இந்தக் கைப்பிடி கிடைப்பதில்லை. நான் சொன்ன சீமென்ஸ் மாடல் கற்றதே 12,000 செயற்கைத் தமனி அமைப்புகளுக்கு சிமுலேஷன் தந்த விடைகளிலிருந்துதான். சிமுலேஷனின் அனுமானங்களும் சேர்ந்தே உள்ளே போயிருக்கின்றன, ஆனால் தனியே எடுத்து மாற்ற வழியில்லை.

செலவும் பெரிதில்லை. சிம்வாஸ்குலர் என்ற சிமுலேஷன் மென்பொருள் இலவசம், பழகத்தான் பொறுமை வேண்டும். தமனி ஓரங்களை வரைவதற்கு மட்டும் நானும் மெஷின் லேர்னிங்கைத்தான் நம்புகிறேன், வரைந்ததைக் கண்ணால் சரிபார்த்த பிறகு. பைபாஸ் செய்த தமனிகளில் எனக்குப் பழக்கம் குறைவு. நாள் முழுக்க ஸ்கேன் வந்து குவியும் மருத்துவமனையில் நான் வேலை பார்த்ததுமில்லை. அங்கே உடனே வரும் விடைக்குத்தான் மதிப்பு அதிகமாக இருக்கலாம்.